தார்ப்பாய் வந்துச்சு, சரி. அந்த லிஸ்ட் எங்க போச்சு?

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்ச்சுப் போட்டதை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. ரெண்டு மூணு நாள்லயே சென்னை, கோயம்புத்தூர்ல இருந்து வேன் வேனா பிள்ளைங்க வந்தாங்க. தார்ப்பாய், அரிசி, மெழுகுவத்தி, கொசுவத்தி, பால்பவுடர். அவங்க வரலைன்னா எங்க ஊர்ல பல வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது. அந்த நன்றி இன்னைக்கும் இருக்கு. அதைச் சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்றேன்.

எங்க தெருவுக்கு லிஸ்ட் எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவை போயிடக் கூடாதுன்னு ஒரு குழு கேட்டுச்சு. நியாயம்தான். பேரு, போன் நம்பர், ஆதார் நம்பர், வீட்ல எத்தனை பேரு, கடைசியா 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம். கீழத்தெரு அக்கா பேருக்கு நேரா அந்தக் கட்டத்துல, 'விதவை, வயசுக்கு வந்த ரெண்டு பொண்ணு, ஆம்பளைத் துணை இல்லை'ன்னு என் கையால எழுதினேன். சீக்கிரம் உதவி போய்ச் சேரணுமேன்னு எழுதினது. அது எக்ஸெல் ஆகி, வாட்ஸ்அப்ல குரூப் குரூப்பாப் போயிடுச்சு.

ஒரு மாசத்துல அந்த அக்காவுக்கு ராத்திரி நேரத்துல போன் வர ஆரம்பிச்சுச்சு. "உதவி வேணுமா?"ன்னுதான் பேச்சு தொடங்குமாம். கடைசியில சிம்மையே மாத்திட்டாங்க. "என் நம்பரை யாருக்குப்பா குடுத்த?"ன்னு என்கிட்ட கேட்டப்ப, எனக்குப் பதில் தெரியலை. நிஜமாவே தெரியாது.

கிராமத்துல எல்லார் சங்கதியும் எல்லாருக்கும் தெரியும், இதுல என்ன ரகசியம்னு நீங்க கேட்கலாம். தெரியும்தான். ஆனா தெரிஞ்சவன் நாளைக்கு டீக்கடையில என் மூஞ்சில முழிக்கணும். தப்பா நடந்தா பஞ்சாயத்துல நிக்கணும். எக்ஸெல் வச்சிருக்கிறவன் எந்த ஊருன்னே தெரியாது.

சின்னக் குழுக்கள் விவரம் தெரியாம செஞ்சதுன்னு விட்டுடலாம்னா, பெரிய இடத்துலயும் இதே கதைதான். வங்கதேச முகாம்கள்ல ரோஹிங்கியா மக்கள்கிட்ட, உதவி வாங்குற அட்டைக்குன்னு கைரேகை, போட்டோ எல்லாம் எடுத்தது ஐ.நா. அகதிகள் அமைப்பு. எந்த ராணுவத்துக்குப் பயந்து ஓடி வந்தாங்களோ, அந்த மியான்மருக்கே குறைஞ்சது 8,30,000 பேரோட விவரத்தை வங்கதேச அரசு கொடுத்துடுச்சுன்னு 2021-ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதிச்சு. சம்மதம் வாங்கித்தான் செஞ்சோம்னு ஐ.நா. அமைப்பு சொல்லிச்சு. அரிசிக்கு வரிசையில நிக்கிறவன் "முடியாது"ன்னு சொல்வானா? நான் நின்னிருக்கேன், சொல்ல மாட்டான். செஞ்சிலுவைச் சங்கக் கம்ப்யூட்டர்ல யாரோ புகுந்து 5 லட்சத்துக்கு மேலான ஆளுங்களோட விவரம் அவங்க கையில சிக்கினது 2022 ஜனவரியில தெரிய வந்துச்சு. குடும்பத்தைத் தொலைச்சவங்க, காணாமப் போனவங்க விவரம் அது.

2020 டிசம்பர் புரெவி மழையில நாங்க வேற மாதிரி செஞ்சோம். தெருவுக்கு ஒரு ஆள், அவர் கையில ஒரு நோட்டு. வெளியூர்க்காரங்களுக்கு டோக்கன் நம்பரும், எத்தனை தலைன்னும் மட்டும்தான் சொன்னோம். ஆதார் எதுக்கு? அரிசி போடுறதுக்கு ஆதார் எதுக்குங்க? கணக்கு காட்டணும்னா மூட்டையைப் போட்டோ எடுங்க, வாங்குற மூஞ்சி வேண்டாம்னு சொன்னோம். ஒரு குழு கோவிச்சுக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுச்சு. போகட்டும்னு சொல்றது லேசு. அன்னைக்கு அந்த அரிசி எங்களுக்குத் தேவையாத்தான் இருந்துச்சு.

அப்பவும் கீழத்தெரு அக்கா வரலை. டோக்கனை வீட்டுக்கே கொண்டு போனேன். "என் பேரு எதுலயும் இல்லையே?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் கை நீட்டினாங்க.

கஜா நேரத்துல வாட்ஸ்அப்ல வந்த லிஸ்ட் உங்க பழைய போன்லயோ மெயில்லயோ இன்னும் கிடக்கலாம். இருந்தா தயவுசெஞ்சு அழிச்சிடுங்க. அதுல என் கையெழுத்தும் இருக்கு.