விசில் ஊதுகிறவருக்கும் சம்பளம் வேண்டும்

வியாசர்பாடியில் இருந்து எண்ணூர் வரை, வடசென்னையில் கால்பந்துப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கிறது. எந்த ஆட்டக்காரருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அந்தப் பணத்துக்கு அவர் ஆடினாரா என்பது ஒன்று. எந்த ஆட்டத்தை ரெஃப்ரி கெடுத்தார் என்பது இன்னொன்று. சடையங்குப்பத்திலும் மணலியிலும் ஷிப்ட் முடிந்து வந்து ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் பார்க்கிற இளைஞர்கள் இரண்டையும் வெவ்வேறு வழக்காகவே பேசுகிறார்கள். இரண்டும் ஒரே வழக்கு என்கிறோம் நாம். ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. உடம்பை வைத்துப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் மட்டுமே செய்ய முடிந்த தொழிலுக்கு நல்ல கூலி கிடைப்பது நியாயம். ஆனால் தீர்ப்புச் சொல்பவர் எல்லோருக்கும் முழுநேர வேலை, மாதச் சம்பளம், தொடர்ந்த பயிற்சி ஆகியவற்றை உறுதி செய்யாத ஒரு லீக்குக்கு, தீர்ப்பு தவறும்போது அந்த ஒரு மனிதரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள உரிமை இல்லை.

2023 மார்ச் 3 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதிய பிளேஆஃப் ஆட்டம். தொண்ணூறு நிமிடங்களில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 96ஆவது நிமிடத்தில், பெனால்டி பாக்ஸுக்குச் சற்று வெளியே பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக். தடுப்புச் சுவரை நிறுத்துவதற்காக கோல்கீப்பர் பிரப்சுகன் கில் தன் இடத்தை விட்டு நகர்ந்திருந்தார். விசில் வந்த பிறகுதான் அடி விழும் என்று கேரள ஆட்டக்காரர்கள் நினைத்திருந்தார்கள். பெங்களூருவின் சுனில் சேத்ரி காத்திருக்கவில்லை. பந்தை மெல்லத் தூக்கி, ஆளில்லாத வலைக்குள் போட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் அதைக் கோல் என்றார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தை விட்டே அழைத்துப் போய்விட்டார். ஆட்டம் 1-0 என்று பெங்களூருவுக்குப் போனது. மாதக் கடைசியில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கேரள கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விழுந்தன.

கோல் செல்லுமா, செல்லாதா? விதிப்புத்தகத்தின் 13ஆவது விதி, ஃப்ரீ கிக்கை விசிலுக்குக் காத்திராமல் உடனே அடிக்க அனுமதிக்கிறது. எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அடிக்கிறவருக்கான சலுகை. அது வேண்டாம் என்று அவர் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் நடுவரே தலையிட்டு எதிரணியைத் தள்ளி நிறுத்தத் தொடங்கிவிட்டால், அதன்பின் அவர் விசில் ஊதிய பிறகுதான் அடி. அந்த நொடிகளில் நடுவர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதில்தான் மொத்தச் சண்டையும். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்ததாக சேத்ரி விளக்கினார். அதைக் கேரள ஆட்டக்காரர்களும் அறியும்படி நடுவர் கையைக் காட்டியோ, வாய்விட்டோ சொல்லியிருந்தால் இந்த வழக்கே இல்லை. வி.ஏ.ஆர். என்கிற வீடியோ உதவி நடுவர் முறை இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று அன்று பலர் சொன்னார்கள். கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகியவற்றுக்கானது அந்த முறை. நின்ற ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதைப் பெரும்பாலும் மைதானத்தில் நிற்பவரிடமே அது விட்டுவிடுகிறது. ஆகவே அன்று குறைந்தது கேமரா அல்ல. நெருக்கடியான நொடியில் இரு அணிகளுக்கும் புரியும்படி முடிவைச் சொல்லும் பழக்கம் குறைந்தது. அது வாரம் முழுவதும் அதே வேலையாக இருப்பவருக்குத்தான் கைகூடும்.

நம் நாட்டில் பெரும்பாலான நடுவர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஊதியம் பெற்று, பிழைப்புக்கு வேறு வேலையும் பார்க்கிறவர்கள். மணலி, எண்ணூர் தொழிற்சாலை வாசல்களில் பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்ற இரண்டு வரிசைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஆபத்தான வேலை கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு வரும், பயிற்சி வராது. விபத்து நடந்தால் முதல் பழி மட்டும் தவறாமல் அவருக்கு வரும். நடுவரின் நிலையும் இதுதான். கோடிக்கணக்கான பணமும் ஒரு சீசனின் உழைப்பும் அவர் விசிலில் தொங்குகின்றன. அந்தப் பொறுப்புக்கு ஈடான பாதுகாப்பு அவருக்கு இல்லை.

பணக்கார லீக்குகளும் இந்தத் தவற்றைச் செய்திருக்கின்றன. கையில் பந்தைப் பிடித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குத்தான் பெரும் சம்பளம். டல்லாஸ் அணியின் டாக் பிரெஸ்காட் 2024இல் நான்கு ஆண்டுகளுக்கு 24 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். அந்த அணி ஆடும் லீக்தான் 2012இல் ஓய்வூதியம், சம்பளம் தொடர்பான தகராறில் தன் நடுவர்களைக் கதவடைப்புச் செய்துவிட்டு, அனுபவம் குறைந்த மாற்று ஆட்களை இறக்கியது. செப்டம்பர் 24 அன்று சியாட்டிலில் கடைசிப் பந்தை இரு அணி வீரர்களும் சேர்ந்து பிடித்து விழுந்தபோது, இரண்டு நடுவர்கள் இரண்டு விதமாகக் கை காட்டினார்கள். கிரீன் பே அணி 14-12 என்று தோற்றதாக அறிவிக்கப்பட்டது. நாடே கொதித்தது. இரண்டே நாளில் லீக் பழைய நடுவர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. நடுவரிடம் மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது அந்த ஓர் ஆட்டத்தில் தெரிந்துபோனது.

ஆளை மாற்றினால் போதும் என்கிறவர்களுக்கு நம் கிரிக்கெட்டே பதில். 2008 ஜனவரி சிட்னி டெஸ்ட்டுக்குப் பிறகு இந்தியாவின் புகாரால் நடுவர் ஸ்டீவ் பக்னர் அடுத்த டெஸ்ட்டில் இருந்து நீக்கப்பட்டார். நமக்குக் கோபம் தணிந்தது, தவறான எல்.பி.டபிள்யூ. முடிவுகள் தணியவில்லை. நடுவர் முடிவை மறுபரிசீலனை செய்யும் முறையை நம் வாரியமே பல ஆண்டுகள் எதிர்த்து, 2016இல்தான் உள்நாட்டுத் தொடரில் ஏற்றது. நடுவர் ஒருவரைத் துரத்தியதால் வராத நியாயம், முறையை மாற்றியதால் வந்தது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கனமான கேள்விதான். சம்மேளனம் தன் வணிக உரிமைகளுக்காக 2010இல் போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. புதிதாக விட்ட டெண்டருக்கு ஒருவர்கூட வரவில்லை. அதற்கு முன்பே, 2025 ஆகஸ்டில், பெங்களூரு கிளப் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. நம் சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்தியது. ஆட்டக்காரர்களுக்கே வழியில்லாதபோது நடுவர்களுக்கு என்ன செய்ய முடியும்? நாம் சொல்வது: கிளப்புகளின் பட்ஜெட்டோடு பார்த்தால் ஒரு லீக்குக்குத் தேவையான சில டஜன் நடுவர்களின் ஆண்டுச் சம்பளம் சிறிய தொகை. முடிவை நம்ப முடியாத ஆட்டத்துக்கு ஸ்பான்சர் வரத் தயங்குவார், பார்வையாளரும் நிலைக்க மாட்டார். அதனால் புது ஒப்பந்தத்தில் முதல் ஆண்டே இதற்கென்று தனி ஒதுக்கீடு எழுதப்பட வேண்டும்.

முழுநேர நடுவர்களும் தவறு செய்கிறார்களே என்பார்கள். செய்கிறார்கள். 2001இல் இருந்தே தொழில்முறை நடுவர்கள் உள்ள இங்கிலாந்தில், 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட சரியான கோல், வீடியோ அறையில் நடந்த பேச்சுக் குழப்பத்தால் பறிபோனது. ஆனால் நடுவர் அமைப்பு அன்றே தவற்றை ஒப்புக்கொண்டது. சில நாளில் அந்த அறையின் ஒலிப்பதிவையே வெளியிட்டது. பெங்களூரு ஆட்டத்தில் நடுவருக்கும் சேத்ரிக்கும் நடந்த பேச்சு ரசிகர்களுக்கு அப்படிக் கிடைத்ததா? சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே 2023இல் செலவு குறைந்த வீடியோ முறை பற்றிப் பேசினார். 2024-25 சீசன்வரை அதுவும் ஐ.எஸ்.எல்.லுக்கு வரவில்லை. கேமராவுக்குப் பணம் சேரும் வரை, விளக்கம் சொல்வதையாவது தொடங்கலாம். அதற்குச் செலவில்லை.

நம் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. உள்ளூர் டோர்னமென்ட் நோட்டீஸில் பரிசுத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். நடுவருக்கு என்ன என்பது கடைசி நேரப் பேச்சு. வியாசர்பாடியில் இருந்து தனபால் கணேஷ் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற அணிக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். திண்டுக்கல்லின் ரூபா தேவி 2016இல் ஃபிஃபா நடுவரானது எத்தனை பேருக்குத் தெரியும்? இருபத்தைந்து வயதில் பெரிய கிளப் வாய்ப்பு கைநழுவிப் போன ஆயிரம் பேர் இந்தப் பகுதியில் உண்டு. ஆட்டம் தெரிந்த அவர்களுக்கு விசில் ஒரு தொழிலாக வேண்டும். நடுவர் தேர்வு எப்போது, எங்கே, கட்டணம் எவ்வளவு, தேறினால் ஆட்டத்துக்கு என்ன ஊதியம் என்பதைத் தமிழ்நாடு கால்பந்து சங்கம் இந்த ஆண்டே ஒவ்வொரு பகுதி கிளப்புக்கும் தமிழில் எழுதி அனுப்பட்டும்.