எரிமலைச் சரிவில் திராட்சைத் தோட்டம்



கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை நம் இல்லத்துப் பிள்ளைகள் நன்கறிவர். குமுளி மலைப்பாதை வழியே கேரளத்துக்கு வரும் அப்பழத்துக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கொடிகள் பள்ளத்தாக்கின் நிலத்தில் பந்தலிட்டுப் படர்த்தப்படுகின்றன. ஆனால், புகை கக்கும் எரிமலையின் செங்குத்துச் சரிவிலும் திராட்சை பயிரிடுவோர் உண்டு.

இத்தாலி நாட்டுச் சிசிலித் தீவில் எட்னா என்னும் எரிமலை 3,300 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கிறது. 2013-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதன் சரிவுகளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் வரை திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கற்களைச் சாந்தின்றி அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாக நிலம் அமைத்திருக்கின்றனர். பழைய முறைப்படி அங்கே பந்தல் இல்லை. ஒவ்வொரு கொடியும் ஒரு கம்பத்தைப் பற்றி நிற்கும். சாம்பலும் மணலும் கலந்த மண்ணில் மழைநீர் தேங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தோட்டங்களைப் பாழாக்கிய பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சியும் மணற்பாங்கான மண்ணில் எளிதிற் பரவாது. எனவே, எட்னாவில் சில பழங்கொடிகள் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன.

இத்தோட்டத்தார் பலர் இயற்கை வேளாண்மையில் ஒயின் செய்கின்றனர். இயற்கை முறை என்றால் மருந்தே தெளிப்பதில்லை என்று எண்ணுவது பொருந்தாது. இரப்பர் இலையுதிர் நோய்க்கு நம் பக்கத்தார் மழைக்கு முன்னே தெளிக்கும் துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, திராட்சைக்கென்றே பிரெஞ்சு நாட்டில் தோன்றியது. இயற்கை விவசாயிக்கும் அது அனுமதிக்கப்பட்டதே. ஆயினும் செம்பு மண்ணில் தங்கிவிடும் ஆதலால், ஐரோப்பிய ஒன்றியம் ஏழாண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் கூடாதென 2019 முதல் வரம்பிட்டுள்ளது.

ஒயின் கெடாதிருக்கச் சேர்க்கும் கந்தகத்துக்கும் அளவு உண்டு. 2012-ஆம் ஆண்டு விதிப்படி, இனிப்பு எஞ்சாத செந்நிற இயற்கை ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராமே உச்சம். சாதாரண ஒயினுக்கு அது 150. புளிக்கவைக்கும் ஈஸ்டைக் கடையில் வாங்காமல், பழத்தோலிலும் ஆலையிலும் இயல்பாக உள்ளதையே நம்புவாரும் உளர். பனங்கள் தானே நொதிப்பதை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

மது அருந்துக என்று இப்பக்கம் சொல்லவில்லை. உரிமமின்றி வீட்டில் ஒயின் வடிப்பது கேரளத்தில் அப்காரிச் சட்டத்துக்கு மாறானது என்பதையும் நினைவிற் கொள்க. நான் கருதுவது அச்சரிவின் கதையை.

அங்கே இயந்திரம் ஏறாது. களையெடுப்பும் கவாத்தும் அறுவடையும் கையாலேயே நடைபெற வேண்டும். கூலி கட்டாதபோது, சிசிலியின் மக்கள் அமெரிக்காவுக்கும் பெருநகரங்களுக்கும் சென்றனர். பார்ப்பாரற்ற சுவர்கள் சரிந்தன, தோட்டங்கள் புதராயின. 1968-இலேயே எட்னா ஒயினுக்கு அரசின் ஊர்ப்பெயர்த் தகுதி கிடைத்தும், தோட்டங்கள் உடனே மீளவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டியே நல்ல விலை கொடுப்போர் வந்தனர்; அதன்பின் பல சுவர்கள் மறுபடியும் அடுக்கப்பட்டன. சாந்தின்றிக் கல்லடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ இத்தாலி முதலிய எட்டு நாடுகளின் மரபுச் செல்வமாகப் பதிந்தது.

பெருங்கடவிளையின் சரிவுகளிலும் கையாலைகள் உள்ளன. இங்கு எரிமலை இல்லை, செம்மண்ணும் வெட்டுக்கல்லுமே. எனினும் இடவப்பாதி மழை தட்டில்லாத சரிவின் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம்முள் பலருக்குச் சொந்த ஊரிலும் இப்படியொரு நிலம் இருக்கக்கூடும். இரயில்வேயில் சரக்குச் சீட்டு எழுதுபவன் நான். சீட்டில் எடையும் கட்டணமும் ஏறும், சுவர் அடுக்கிய கூலி ஏறாது. அக்கூலியை யாரேனும் ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆகவே விடுமுறைக்கு ஊர் செல்வோர் நிலத்தின் எல்லையை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். சரிந்த கல் எத்தனை என்று எண்ணுங்கள். அடுக்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே, அவர் பக்கத்தில் நம் பிள்ளைகளையும் நிறுத்தி, மழைக்கு முன் ஒரு வரிசையேனும் எழுப்புங்கள்.