இலைத் தொன்னையில் தந்தது சாராயம் அன்று

வடநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயிலும் தமிழ் மாணவர்கள் விடுமுறையில் விடுதித் தோழர்களின் ஊர்களுக்குச் செல்வது புதிதன்று. அவ்வாறு மழைக்காலத்தில் ஜார்க்கண்டின் முண்டா வீடொன்றுக்குச் செல்பவர்க்கு மோட்டா அரிசிச் சோறும், சால் மரங்களின் அடியில் மண்ணுக்குள் விளையும் ருக்ரா காளானின் குழம்பும் கிடைக்கும். அவற்றுக்கு முன்பே, சால் இலையைத் தைத்த தொன்னையில், வெண்மையாய்க் கலங்கிய, இலேசாகப் புளித்த பானம் ஒன்று வரும். தோழனின் தாய் தம் கையால் ஊற்றித் தருவார். மூதாதையர்க்கெனச் சில துளிகளைத் தரையில் விட்டபின் குடிப்பது அவ்வீட்டு வழக்கம். விருந்தினர் மகிழ்ந்து குடிக்கிறார். இரண்டாம் தொன்னையும் கேட்டு வாங்குகிறார். விடுதிக்குத் திரும்பியதும் படத்தை வெளியிட்டு அதன்கீழ் எழுதுகிறார்: ‘நண்பன் வீட்டு நாட்டுச் சாராயம்’.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். இளம் மாணவர் அறியாமல் எழுதினார் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே சொல் கருத்தரங்கக் கட்டுரைகளிலும், ஆய்வேடுகளின் களக்குறிப்புகளிலும், பழங்குடி இலக்கிய மொழிபெயர்ப்புகளிலும் தடையின்றி உலவுகிறதே, அதை எதில் சேர்ப்பது?

முண்டாரி மொழியில் அப்பானத்தின் பெயர் இலி. ஹோ மொழியினர் டியாங் என்பர், சந்தாலியில் ஹண்டி, சந்தையில் வழங்கும் பொதுப்பெயர் ஹண்டியா. சோற்றைப் பாயில் பரப்பி ஆறவைத்து, ராணு உருண்டைகளைப் பொடித்துக் கலந்து, பானையில் மூடிச் சில நாள்கள் வைப்பார்கள். ராணு என்பது அரிசி மாவோடு காட்டு வேர்களையும் பட்டைகளையும் இடித்துச் சேர்த்து, உருட்டி உலர்த்தியது. அதிலுள்ள பூஞ்சை சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. ஈஸ்ட் அச்சர்க்கரையை மதுவாக்குகிறது. இரண்டும் ஒரே பானையில் ஒரே வேளையில் நிகழ்கின்றன. பின்னர் நீர் ஊற்றிப் பிசைந்து வடிகட்டினால் வேலை முடிந்தது. நொதித்தபின் அடுப்புக்கு அங்கே இடமில்லை. சாராயமோ காய்ச்சப்படுவது. தமிழின் வினைச்சொற்களே இவ்வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கின்றன: கள்ளை இறக்குவர், சாராயத்தைக் காய்ச்சுவர். காய்ச்சாத ஒன்றைச் சாராயம் என்று எழுதுவது மோரை நெய் என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

சொல்லுக்கு நிழலும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இன்றைய தமிழ் வாசகர் ‘நாட்டுச் சாராயம்’ என்று படித்தவுடன் அந்தப் பாக்கெட்டும் பிணவறையும்தான் கண்முன் வரும். சோறு ஊறவைத்து விருந்தோம்பிய ஒரு தாயை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் ஆய்வேடு அடுத்த இயலுக்கு நகர்கிறது.

இதே பூஞ்சை நுட்பத்தால் ஜப்பானியர் செய்யும் சாக்கே, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதனை அரிசி ஒயின் என்று சொல்ல நம் பேராசிரியர்கள் எவருக்கும் நாக்குத் தடுமாறுவதில்லை. அசாமின் திமாசா மக்களுடைய ஜூடிமா 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்குப் பின்னரே அதுவும் ஒயினாயிற்று. சான்றிதழ் வந்தால்தான் பானம் நாகரிகம் அடையுமோ? 1909ஆம் ஆண்டின் வங்காளக் கலால் சட்டம்கூட நொதித்த தானிய மதுவுக்குப் ‘பச்வாய்’ என்று தனிப்பெயர் இட்டிருந்தது. வருவாய்க்காகச் செய்த வகைப்பாடுதான். அதில் அன்பு ஏதுமில்லை. எனினும் வரி வாங்க வந்தவன் கண்ட வேறுபாட்டை விருந்துண்ண வந்தவர் காணவில்லை.

தமிழில் சொல் இல்லை என்ற சாக்கும் செல்லாது. கள், நறவு, தேறல் என்று வகைப்படுத்திய மொழி இது. வீட்டில் சமைத்த நெல் மதுவுக்குத் தோப்பி என்றே பெயருண்டு. பெரும்பாணாற்றுப்படையைப் பாடமாக நடத்துவோர்க்கு இது தெரியாததன்று. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அதன்பின் பிறந்தவர்க்கு அரசுக் கடையின் புட்டி ஒன்றே மதுவாயிற்று, எல்லாம் ‘சரக்கு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கின. பிராந்தி விற்ற கடையை ‘ஒயின்ஷாப்’ என்று அழைத்துப் பழகியதும் இந்தத் தலைமுறைகள்தாம். சொல் வறுமை நம்முடையது. அதற்கான தண்டம் மட்டும் முண்டாக்களின் கணக்கில் எழுதப்படுகிறது.

குடியால் பழங்குடிக் குடும்பங்கள் சிதைவதைப் பேசவே கூடாதா என்று ஒரு கேள்வி எழும். தாராளமாகப் பேச வேண்டும். பிர்சா முண்டாவின் நெறியினர் இலியையும் தொடுவதில்லை. சிபு சோரன் மதுவுக்கு எதிராகவும் மக்களைத் திரட்டினார். சாலையோரத்தில் ஹண்டியா விற்றுப் பிழைக்கும் பெண்களுக்கு மாற்றுத் தொழில் தருவதற்காக 2020இல் ஜார்க்கண்ட் அரசு பூலோ-ஜானோ திட்டத்தைத் தொடங்கியது. இவையெல்லாம் அந்த மண்ணிலேயே, அதன் பெயர் தெரிந்தவர்களுக்கிடையே நடக்கும் வாதங்கள். பெயரையே மாற்றி எழுதுபவர் அவ்வாதத்தில் எந்தப் பக்கமும் நிற்க முடியாது. தொன்னையைப் படமெடுத்து ‘கலப்பற்ற ஆதிவாழ்வு’ என்று உருகுபவரும் அவ்வாறே. தோழன் அதே மேசையில் ஆய்வுநெறியியல் தேர்வு எழுதியவன் என்பதை அவர் வசதியாக மறந்துவிடுகிறார்.

இலி என்றால் வாசகர்க்குப் புரியாது என்று மொழிபெயர்ப்பாளர் சிலர் சொல்வதுண்டு. வோட்காவையும் ஷாம்பெயினையும் அடிக்குறிப்பின்றிக் கடக்கும் வாசகர்தாம் இவர். முதல் முறை ஒரு வரி விளக்கம் போதும். இலி, இரண்டே எழுத்து.