வாசலில் ஒரு கணினிப் பாடம்



விடுமுறை நாட்களில் கட்கியிலும் தாபோடியிலும் பிம்ப்ரியிலும் உள்ள நம் வீடுகளில் ஒரே காட்சியைத்தான் காண்கிறோம். இரண்டு அறைகளுக்குள் பிள்ளைகள். அவர்கள் கைகளில் கைபேசி. "கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறான்" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். வேறு சிலரோ, பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அஞ்சி, கடன் வாங்கியாவது 'கோடிங்' வகுப்பில் சேர்க்கிறார்கள். நடுநிலை வகுப்புகளிலேயே கோடிங் அறிமுகமாகும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அறிவித்தபின் இந்த அச்சம் கூடியிருக்கிறது.

அஞ்ச வேண்டாம். ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, வரிசை மாறாமல், ஐயத்துக்கு இடமின்றிக் கட்டளையிடுவதே கோடிங்கின் அடிப்படை. இதைப் பழகத் திரை தேவையில்லை. நியூசிலாந்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும், கணினியின்றியே கணினி அறிவியலைக் கற்பிக்கும் விளையாட்டுகளை 1990-களிலேயே தொகுத்தார்கள். நம் நாட்டில் ஏசிஎம் இந்தியா அமைப்பு 2016-இல் தொடங்கிய 'சிஎஸ் பாடசாலை' இவ்வழியைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகங்களிலும் 'தகவல் செயலாக்கம்' என்ற பாடம் இடம்பெற்றிருக்கிறது.

புனேவாசிகளாகிய நமக்கு இதற்கேற்ற விளையாட்டு அருகிலேயே உண்டு. கோ-கோ ஆட்டத்துக்கு 1914-இல் விதிகள் வகுக்கப்பட்டது இந்நகரின் டெக்கான் ஜிம்கானாவில்தான். எட்டுப்பேர் நடுக்கோட்டில் எதிரெதிர்த் திசை நோக்கி மாறிமாறி அமர்ந்திருக்க, ஒன்பதாமவர் துரத்துகிறார். அவர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. எடுத்த திசையை மாற்றவும் கூடாது. எதிராளி மறுபுறம் ஓடிவிட்டால், அப்புறம் நோக்கி அமர்ந்தவரைப் பின்னாலிருந்து தொட்டு 'கோ' சொல்ல வேண்டும். 'கோ' கேட்காமல் எவரும் எழக் கூடாது. "இது நடந்தால் இதைச் செய், கட்டளை வரும்வரை காத்திரு" என்பதல்லவா இது? கணினி நிரலும் இவ்வாறே இயங்குகிறது.

வீட்டருகே இன்னும் எளிதாக ஒன்று செய்யலாம். மொட்டைமாடியிலோ வாகனம் நிறுத்துமிடத்திலோ சுண்ணக்கட்டியால் 25 கட்டங்கள் வரையுங்கள். ஒரு மூலையில் ஒரு பிள்ளை 'இயந்திரமாக' நிற்கட்டும். எதிர்மூலையில் ஒரு பந்து. இடையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். மற்றொரு பிள்ளை "முன்னே, வலம் திரும்பு, இடம் திரும்பு, எடு" என்ற நான்கு கட்டளைகளால் மட்டும் வழியைத் தாளில் எழுதட்டும். எழுதிய பிறகு திருத்தமும் இல்லை, சைகையும் இல்லை. இயந்திரம் எழுதியபடியே நடக்கும்.

முதல்முறை பெரும்பாலும் பாட்டிலில் மோதும். எதிரே நிற்பவனின் வலம் நமக்கு இடம் என்பதை அப்போதுதான் பிள்ளை உணரும். அச்சமயத்தில், "மக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். "எந்த வரியில் பிழை?" என்று மட்டும் கேளுங்கள். பிழை வரியில் இருக்கிறது, பிள்ளையில் இல்லை. நிரல் எழுதுவோர் நாள்தோறும் செய்வதும் இந்தப் பிழை தேடலே. பழகியபின், "முன்னே" என்று நான்கு தடவை எழுதாமல் "4 முறை முன்னே" என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்து, "பாட்டில் இருந்தால் வலம் திரும்பு" என்று நிபந்தனை சேருங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. தமிழ் எழுதத் தெரியாமல் வளரும் நம் பிள்ளைகள் கட்டளைகளைத் தமிழில் எழுதட்டும். பக்கத்து வீட்டு மராத்திச் சிறுவனையும் சேர்த்துக்கொண்டால் இருவரும் மற்றவர் மொழியைக் கற்பார்கள்.

5 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளுக்குச் சராசரியாக நாள்தோறும் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வலியுறுத்தியது. அந்த ஒரு மணி நேரத்தில் பாடமும் அடங்கிவிடுகிறது. செலவு ஒரு சுண்ணக்கட்டி மட்டுமே. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு நீங்களும் வாசலுக்கு வாருங்கள். முதல் இயந்திரமாகத் தகப்பனே நிற்கட்டும்!