கூண்டேறும் முன்

கல்பாக்கம் அருகே அணுபுரத்தில் குடியிருக்கும் அணுசக்தித் துறை ஊழியர் ஒருவர், திருக்கழுக்குன்றம் பக்கம் மனை வாங்கக் கிரய ஒப்பந்தம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாட்சிக் கையெழுத்துப் போடுபவர் பக்கத்து குவார்ட்டர்ஸ் நண்பர். அட்வான்ஸ் கைமாறியதைக் கண்ணால் பார்த்தவரும் அவர்தான். விற்பவர் பின்வாங்குகிறார், வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றம் போகிறது. சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் நண்பர் கூடங்குளத்துக்கு மாற்றலாகி, ஓய்வும் பெற்று, சொந்த ஊரில் பேரக்குழந்தைகளோடு இருப்பார். அவரை வரவழைத்து, பணம் எத்தனை கட்டு, மேசையில் வைத்தார்களா, கையில் கொடுத்தார்களா என்று குடைவார்கள். தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் தீர்ப்பில் ஒரு பத்தியாகிவிடும்.

தாமதத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்த நண்பரை எதற்காகக் கூண்டில் ஏற்றினோம் என்று அத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை. விற்பவர் பணம் வாங்கியதையே மறுக்கிறாரா? அப்படியென்றால் நண்பர் அவசியம். வாங்கினேன், ஆனால் கெடு தாண்டிவிட்டது என்கிறாரா? அப்படியென்றால் அவர் ரயில் ஏறவே வேண்டாம்.

இதைக் கேட்பதற்கான வழிகள் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கின்றன. ஆணை 10-இன்படி வழக்கின் முதல் விசாரணை நாளிலேயே எதை ஒப்புக்கொள்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று நீதிபதி இரு தரப்பையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ஆணை 12-இன்படி ஓர் ஆவணத்தை ஏழு நாளில் ஒப்புக்கொள்ளும்படி எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். வீம்புக்கு மறுத்தால், வழக்கில் ஜெயித்தாலும்கூட அந்த ஆவணத்தை நிரூபித்த செலவு மறுத்தவர் தலையில்தான் விழும். அதற்குப் பிறகு எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள். அவற்றை வனைந்து 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியல். வரிசை சரியாகத்தான் இருக்கிறது: எது தகராறு என்பதை முதலில் சுருக்கு, அதற்கு வேண்டிய சாட்சியை மட்டும் கூப்பிடு.

நடப்பில் பிரதிவாதியின் எதிருரை என்பது பத்தி பத்தியாக 'மறுக்கிறேன், வாதியே நிரூபிக்க வேண்டும்' என்ற பல்லவி. எழுவினாக்கள் அச்சில் வார்த்த மாதிரி: வாதி கோரும் பரிகாரம் கிடைக்கத்தக்கதா? வேறு என்ன பரிகாரம்? நீதிபதியை மட்டும் குறை சொல்ல முடியாது. மனை இருக்கும் திருக்கழுக்குன்றத்தையே பாருங்கள்: அங்கே இருப்பது உரிமையியல் நீதிமன்றமும் குற்றவியல் நடுவர் நீதிமன்றமும் சேர்ந்த ஒரே நீதிமன்றம். ரிமாண்டுக்குக் கொண்டுவந்த ஆள் வாசலில் நிற்கும்போது, ஒரு மனை வழக்கின் எதிருரையை வரி வரியாகப் படித்து எழுவினா வனைய யாருக்கு நேரம்?

இந்தச் சட்டத்தை 1999-லும் 2002-லும் திருத்தினார்கள். இரண்டும் 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002 அக்டோபரில் திருத்தங்கள் செல்லும் என்ற தீர்ப்பு. நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழு. அதன் அறிக்கைக்குப் பின் 2005 ஆகஸ்ட் 2-இல் விரிவான இரண்டாம் தீர்ப்பு. மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்ற விதியைப் பற்றிப் பேசும்போது, அதையும் மீறி அவகாசம் தரவேண்டிய பேரிடர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சுனாமியையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அப்போது கல்பாக்கம் கடற்கரையில் அலை புகுந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. கடலே ஊருக்குள் வந்தால் கொடுக்கலாம் என்று சொன்ன நான்காவது வாய்தா, இன்று வக்கீலுக்குத் தலைவலி என்றாலே கிடைக்கிறது.

அந்தத் திருத்தங்களில் வாய்தா விதியைவிட ஆழமாகப் பாய்ந்தது வேறொன்று. சாட்சியின் முதல் விசாரணை இனிமேல் வாய்மொழியாக இல்லை. நிரூபண வாக்குமூலமாக எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்ற நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் சாட்சியின் பேச்சு கூண்டிலிருந்து வக்கீல் அலுவலகத்து கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. பிராதை எடுத்து, 'வாதி' என்ற இடத்தில் 'நான்' என்று மாற்றினால் வாக்குமூலம் தயார். நம் நண்பர் வாழ்நாளில் சொல்லியிராத 'மேற்படி சொத்தானது', 'நாளது தேதி வரையில்' எல்லாம் அவர் சொன்னதாக வந்து நிற்கும். குறுக்கு விசாரணையில் அவர் தடுமாறுவது நினைவு தப்பியதாலா, வக்கீலின் தமிழ் புரியாததாலா என்று யார் சொல்ல முடியும்?

2005 தீர்ப்புக்கு இந்த அபாயம் தெரிந்திருக்கிறது. தகுந்த வழக்குகளில் முதல் விசாரணையை நீதிமன்றத்திலேயே பதிவுசெய்யலாம் என்றது. மோசடி, போலி ஆவணம், உயில் தகராறு போன்றவற்றில் முக்கியச் சாட்சிகளின் குறுக்கு விசாரணையை நீதிமன்றம் நியமிக்கும் ஆணையரிடம் விடாமல் நீதிபதியே நடத்துவது நல்லது என்றது. எழுத்து வாக்குமூலத்தில் நமக்கு மூத்த இங்கிலாந்து, 2021 ஏப்ரலில் தன் வணிக, சொத்து நீதிமன்றங்களுக்கு ஒரு புதிய நடைமுறைக் கட்டளை கொண்டுவந்தது. வாக்குமூலம் இயன்றவரை சாட்சியின் சொந்தச் சொற்களில் இருக்க வேண்டும். நினைவைத் தூண்ட என்னென்ன ஆவணங்கள் காட்டப்பட்டன என்று பட்டியலிட வேண்டும். விதிப்படி தயாரித்ததாக வழக்கறிஞர் சான்றளிக்க வேண்டும். இந்த மூன்றும் நமக்கும் பொருந்தும். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் ஆட்சிமொழியான மாநிலத்தில் முதலாவதைச் செய்யக் காசுகூட வேண்டாம்.

வணிக வழக்குகளுக்கு இந்த நாடு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டப்படி வழக்கு மேலாண்மை அமர்வு உண்டு. ஒரு தரப்பின் எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலங்களும் ஒரே சமயத்தில் தாக்கலாக வேண்டும். முதல் அமர்விலிருந்து ஆறு மாதத்துக்குள் வாதம் முடிய வேண்டும். 2018-இல் மதிப்பு வரம்பை மூன்று லட்சமாகவும் குறைத்துவிட்டார்கள். ஆனால் குடியிருக்க வாங்கிய மனை வணிகத் தகராறு ஆகாது. கடைக்காரருக்குக் கிடைக்கும் கால அட்டவணை, சேமநல நிதியைப் போட்டு மனை வாங்கியவருக்கு இல்லை. பொய் வழக்கு, பொய் மறுப்புக்கு ஈட்டுச் செலவு விதிக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 35-ஏ சாதாரண வழக்கில் இன்றும் 3,000 ரூபாயில் நிற்கிறது. செங்கல்பட்டுக்கும் அணுபுரத்துக்கும் சில வாய்தாக்கள் கார் வைத்துப் போய்வந்தாலே அதற்கு மேல் ஆகிவிடும்.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு விதியும் உண்டு. அதே நடைமுறைச் சட்டத்தின் ஆணை 18, விதி 16: நீதிமன்ற எல்லையை விட்டு வெளியேற இருக்கும் சாட்சியை, வழக்குத் தொடுத்த பிறகு எந்நேரமும் உடனடியாக விசாரிக்கலாம், எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்பு வேண்டும், அவ்வளவே. எழுவினாக்கள்கூட வனைந்திருக்க வேண்டியதில்லை. நண்பருக்குக் கூடங்குளம் மாற்றல் உத்தரவு வந்து, குவார்ட்டர்ஸ் வாசலில் லாரி சாமான் ஏற்றத் தொடங்கும் முன் ஒரு மனு போட்டிருந்தால், பணக்கட்டு மேசையில் இருந்ததா கையில் இருந்ததா என்று அப்போதே சொல்லியிருப்பார்.