முறிந்த எலும்புக்கும் வரியா?

அணுசக்தி நகரில் குடியிருக்கும் மத்திய அரசு ஊழியர் ஒருவரும், செம்பூரில் சொந்தமாகத் தொழில் நடத்தும் மின்பணியாளர் ஒருவரும் கால் முறிந்து மூன்று மாதம் ஓய்வில் இருப்பதாகக் கொள்வோம். ஊழியர் பெறும் விடுப்புக்கால ஊதியம் சம்பளமே. அதற்கு வரி உண்டு என்பதில் ஐயமில்லை. மின்பணியாளருக்கோ தாம் எடுத்துவைத்த தனிநபர் விபத்துக் காப்பீடே துணை. இத்தகைய பாலிசிகள் பலவற்றில், தற்காலிக முழு ஊனத்துக்குக் காப்புத் தொகையில் வாரம் 1 விழுக்காடு, உச்சவரம்புக்கு உட்பட்டு 100 வாரங்கள் வரை கிடைக்கும். அத்தொகைக்கு வரி உண்டா?

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் இதற்கு நேரான விடை கூறவில்லை. அதன் 10(10டி) பிரிவு ஆயுள் காப்பீட்டுத் தொகைக்கே, அதுவும் நிபந்தனைகளுடன், விலக்களித்தது. எனவே பொதுக் கொள்கையையே நாட வேண்டியுள்ளது. உடலுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்வது மூலதன வரவு. சட்டம் வெளிப்படையாகக் குறிப்பிட்டாலன்றி அதற்கு வரியில்லை. ஆனால், இழந்த வருவாய்க்கு மாற்றாக வாரந்தோறும் வருவது வருவாயே என்று வாதிடவும் இடமுண்டு.

அவ்வாதம் நியாயமானதன்று என்பதே எமது கருத்து. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 80டி பிரிவு கழிவு தந்தது. தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு அக்கழிவு இல்லை. வரி செலுத்திய பணத்தில் பிரீமியம் கட்டியவரிடம், அதன் பயனுக்கும் வரி கேட்பது இரட்டைச் சுமை. அமெரிக்காவில் விதி தெளிவானது: பிரீமியத்தை முதலாளி செலுத்தியிருந்தால் பயனுக்கு வரி உண்டு, தொழிலாளி வரி கட்டிய பணத்தில் தாமே செலுத்தியிருந்தால் இல்லை. மொழியை எளிமையாக்கும் நோக்குடன் இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டின் சட்டத்திலும் இத்தகைய தெளிவான வரி ஒன்று இடம்பெறுவதே முறை.

அதுவரை வாடிக்கையாளர்கள் பாலிசி ஆவணம், பிரீமிய ரசீது, மருத்துவச் சான்று, காப்பீட்டு நிறுவனத்தின் தீர்வுக் கடிதம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது நன்று. வங்கிக் கணக்கில் வரவான தொகை எதற்குரியது என்று வினவப்பட்டால் அவையே சான்று. கணக்குத் தாக்கலுக்கு முன் பட்டயக் கணக்காளரிடம் அவற்றைக் காட்டுக.

இன்னொன்றையும் நினைவிற்கொள்க. ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே உரியது. மூன்று மாதத்தில் கூடிவிடும் எலும்புக்கு அதில் தொகை இல்லை. அன்றாட உழைப்பை நம்பியிருப்போர், வரியைப் பற்றி எண்ணுமுன் வாரப் பயன் தரும் காப்பீடு தம்மிடம் உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.