தூளி கட்ட இரண்டு மரம்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களின் ஊடாக ஓடும் அப்பலாச்சியன் நடைபாதையின் நீளம் சுமார் 3,500 கி.மீ. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கடாடின் சிகரத்தில் முடிகிறது. முழுப் பாதையையும் ஒரே பயணமாக நடந்து முடிக்க ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகும். ஆண்டுதோறும் இந்த ஆசையோடு கிளம்புகிறவர்களில் நாலில் ஒருவர்தான் மறுமுனையைப் பார்க்கிறார். மற்றவர்கள் பாதியில் ஊர் திரும்பக் காரணங்கள் பல: முழங்கால் வலி, கொப்புளம், பணத் தட்டுப்பாடு, சலிப்பு. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு காரணம், தொடர்ந்து பல இரவுகள் சரியாகத் தூங்காதது. மொத்தம் 150 முதல் 200 இரவுகள். அத்தனையும் எங்கே, எதன் மேல் கழியப்போகின்றன என்பதை யோசிக்காமல் புறப்படுகிறவருக்கு முதல் வாரத்திலேயே பாடம் கிடைத்துவிடும்.

பாதையோரம் 250-க்கும் மேற்பட்ட கொட்டகைகள் உண்டு. சராசரியாக 13 கி.மீ.க்கு ஒன்று. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மரப்பலகைத் தரை. பெரும்பாலானவற்றில் காசு கிடையாது. முதலில் வந்தவருக்கு இடம். மழை நாளில் எட்டுப் பேருக்கான பலகையில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துக் கிடப்பார்கள். ஒருவர் குறட்டை விடுவார், தலைமாட்டில் எலி ஓடும். இது வேண்டாம் என்று கூடாரம் சுமப்பவர்களுக்கு வேறு தலைவலி. கல்லும் வேரும் இல்லாத ஆறடிச் சமதளம் அந்த மலைச்சரிவுகளில் லேசில் அகப்படாது. ஆகவேதான் மூன்றாவது வழியாக ‘ஹேமக்’ எனப்படும் தூளிப்படுக்கையைப் பையில் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

புடவைத் தூளியில் தூங்கி வளர்ந்த தமிழருக்கு இது புது விஷயமல்ல. குழந்தைத் தூளி ஒரே உத்தரத்தில் தொங்கும். இதற்கு இரண்டு மரம் வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லின் மூலம் கரீபியன் தீவுகளின் டைனோ மக்களுடையது. 1492-ல் அங்கே இறங்கிய கொலம்பஸின் ஆட்கள் பருத்தி வலைப் படுக்கைகளைக் கண்டார்கள். பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் படுக்கையே அதுவாயிற்று. ஆனால் கப்பலின் அடித்தளமும் கரீபியன் கடற்கரையும் வேறு, பனி பெய்யும் மலைமுகடு வேறு. வெப்ப நாட்டுப் படுக்கையைக் குளிர்நாட்டுக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கலே இருக்கிறது.

முதல் சிக்கல், கட்டும் விதம். புதிதாக வாங்கியவர்கள் தூளியை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டுவார்கள். தொய்வில்லாமல் இருந்தால் கட்டில்போல நேராக இருக்கும் என்ற எண்ணம். பலன் நேர்மாறு: துணியின் இரு விளிம்பும் தோளை நெரிக்கும், கொஞ்சம் புரண்டால் ஆளைக் கவிழ்த்துவிடும். கணக்கும் எதிராகவே நிற்கிறது. கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் நாடா இறங்கினால், ஒவ்வொரு நாடாவும் படுத்திருப்பவரின் எடை அளவுக்கு இழுவையைத் தாங்கும். 70 கிலோ ஆளுக்கு 70 கிலோ. அதே நாடாவை 10 டிகிரிக்கு இறுக்கினால் இழுவை ஒவ்வொரு பக்கமும் 200 கிலோவைத் தொடும். நாடா அறுவதும், முடிச்சு வழுக்குவதும், மெலிந்த மரம் வளைவதும் இதனால்தான்.

ஆகவே தொய்வாகக் கட்ட வேண்டும். துணியின் நீளவாக்கில் படுக்காமல் குறுக்குவாட்டாக, தலை ஒரு ஓரத்திலும் கால் எதிர் ஓரத்திலுமாகப் படுத்தால் முதுகு ஏறக்குறைய நேராகிவிடும். மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் படுப்பது இப்படித்தான். மரங்களுக்கிடையே 12 முதல் 15 அடி, அதாவது ஐந்தாறு எட்டு. மரம் குறைந்தது ஆறு அங்குலத் தடிமன். கயிறு கூடாது, ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள நாடாதான் வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடுக்கு வழியாகத்தான் மரத்தின் உணவு பயணம் செய்கிறது. மெல்லிய கயிறு அதை அறுத்துவிடும்.

இரண்டாவது சிக்கல் குளிர். உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியதும் இதுதான். அக்டோபருக்குள் மெய்னை எட்ட வேண்டும் என்பதால் பெரும்பாலோர் மார்ச், ஏப்ரலில் ஜார்ஜியாவில் கிளம்புகிறார்கள். தெற்கு என்ற பெயரை நம்பி ஏமாறக் கூடாது. அந்த மலைகளில் மார்ச் இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். ஏப்ரலிலும் பனி விழும். தரையில் படுத்தவருக்குக் குளிர் தரை வழியாக மட்டும் வரும். தூளியில் இருப்பவரின் முதுகுக்கு அடியில் காற்று இரவெல்லாம் வீசிக்கொண்டே இருக்கிறது. விலையுயர்ந்த இறகு உறக்கப் பையைப் பூண்டு படுத்தாலும், உடல் எடையில் முதுகுப்பக்கத்து இறகு நசுங்கிவிடும். நசுங்கிய இறகில் காற்று தங்காது. காற்று தங்காவிட்டால் சூடும் தங்காது. கோடை இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பலருக்கு முதுகு சில்லிட ஆரம்பிக்கிறது.

இதற்கான விடை, தூளியின் வெளிப்புறத்தில், அடியில் தொங்கவிடும் ஒரு ரஜாய். உடல் அதை அழுத்துவதில்லை என்பதால் அது உப்பியபடியே இருக்கும். நல்ல இறகு ரஜாய் 200 டாலருக்கு மேல். ‘மேலே போர்த்த நல்லதாக ஒன்று வாங்கியாயிற்று, அடியில் என்ன வேண்டிக்கிடக்கிறது’ என்று செலவை மிச்சம் பிடிப்பவர்கள் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து நடுங்குகிறார்கள். நடுக்கத்தோடு நின்றால் சரி. உடல் வெப்பம் மேலும் குறைந்தால் முதலில் கெடுவது நிதானம். ஈர உடையை மாற்ற வேண்டும், எழுந்து எதையாவது சாப்பிட வேண்டும் என்ற எண்ணம்கூட வராது. உறைபனியைவிட, ஐந்து டிகிரியில் விடாமல் பெய்யும் மழை இந்த வகையில் மோசமானது.

ரஜாய் இருந்தாலும் 400 கிராம் எடையுள்ள ஒரு ஃபோம் பாயையும் சுமப்பது புத்திசாலித்தனம். எடையைக் கிராம் கணக்கில் குறைப்பதையே கௌரவமாக நினைக்கும் நடையாளர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆனால் பாதையில் தூளியே கட்ட முடியாத இரவுகள் வருகின்றன. திட்டமிடல் என்ற வார்த்தைக்கு வேலை இருப்பது அந்த இரவுகளில்தான்.

வட கரோலினாவுக்கும் டென்னசிக்கும் நடுவே கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவில் பாதை சுமார் 115 கி.மீ. செல்கிறது. பாதையிலேயே மிக உயரமான இடம், 6,643 அடி உயர குவோஹி, இங்கேதான் இருக்கிறது. கிளிங்மன்ஸ் டோம் என்று வழங்கிவந்த அந்தச் சிகரத்துக்கு செரோக்கி மக்களின் பழைய பெயர் 2024-ல் திரும்பக் கிடைத்தது. பூங்காவுக்குள் இரவு தங்க முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வேண்டும். நெடுந்தூரம் நடப்பவர்கள் கொட்டகையில்தான் படுக்க வேண்டும். அது நிரம்பிவிட்டால்தான் பக்கத்தில் முகாம் போடலாம். கொட்டகைக்குள் தூளி கட்டவோ அதன் தூணில் நாடா மாட்டவோ தடை. ஆக, ஆறேழு இரவுகள் தூளிக்காரர் பலகைத் தரையில் படுக்கத் தயாராக இருக்க வேண்டும். பாய் இல்லாதவரின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

வர்ஜீனியா மாநிலத்தில் மட்டும் பாதையின் கால் பங்கு. அங்கே தேசியக் காடுகளின் பெரும்பகுதியில் இருட்டுகிற இடத்தில் தங்கலாம், மரத்துக்கும் பஞ்சமில்லை. அதைக் கடந்தபின் மேரிலாந்து, நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்களில் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம். இவற்றில் மாலைக்குள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைக் காலையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

அதற்கும் வடக்கே, நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் வேறு விதமான சோதனை. சுமார் 4,500 அடிக்கு மேல் மரங்கள் குட்டையாகி, பிறகு மறைந்தே போகின்றன. மவுண்ட் வாஷிங்டனைச் சுற்றிய முகட்டில் ஏறக்குறைய 20 கி.மீ. தூரத்துக்குத் தலைக்கு மேல் வானம்தான். அந்தச் சிகரத்தில் 1934-ல் மணிக்கு 372 கி.மீ. வேகக் காற்று பதிவாகியிருக்கிறது. எட்டடிக்குக் குறைவான மரங்கள் உள்ள இடத்தில் முகாம் போடுவதைக் கோடையில் விதிகளும் தடுக்கின்றன. முகட்டை ஒரே பகலில் கடந்து காட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். அல்லது மலைச் சங்கம் நடத்தும் விடுதிகளில், ஓர் இரவுக்கு 100 டாலருக்கும் மேல் கொடுத்துத் தங்க வேண்டும். வானிலை கெட்டால் கீழே ஒரு நாள் காத்திருக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே முதல் வழி சரிப்படும்.

இத்தனை இடங்களையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டால் போதும். 180 இரவுக்கும் ஊர், தேதி போட்டு அட்டவணை தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். நாலாவது நாள் மழையிலேயே அது காலாவதியாகிவிடும். தேதி குறிக்காமல் கிளம்பியவர்களின் மூதாட்டி எம்மா கேட்வுட். 1955-ல், தம் 67-வது வயதில், இந்தப் பாதை முழுவதையும் தனியாக ஒரே பயணத்தில் நடந்த முதல் பெண். கூடாரமோ உறக்கப் பையோ அவரிடம் இல்லை. கையால் தைத்த பையில் ஒரு கம்பளியும், மழைக்குக் குளியலறைத் திரையும். இலைக் குவியலில் படுத்தார், குளிருக்குச் சுட்ட கல்லின் மேல் படுத்தார், வழியிலிருந்த வீடுகளின் கதவையும் தட்டினார். பதினொரு பிள்ளைகளை வளர்த்தவருக்குத் தூக்கம் எங்கே வேண்டுமானாலும் வந்திருக்கும். எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இருக்காது.

வரைபடத்தில் குறிக்க முடியாதது ஒன்று உண்டு. அன்றைய மரம் உயிரோடிருக்கிறதா என்பது. கூடாரக்காரருக்குத் தலைக்கு மேலே காய்ந்த கிளை இருந்தால் ஆபத்து. தூளிக்காரரோ காய்ந்த மரத்தில் தன் எடையையே கட்டித் தொங்குகிறார். ஸ்மோக்கி மலைகளில் 2002 முதல் ஒரு சிறு பூச்சி ஹெம்லாக் மரங்களைக் கொன்று வருகிறது. அதே 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிற வண்டு, நாடெங்கும் ஆஷ் மரங்களைப் பட்டுப்போகச் செய்துவிட்டது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் பாதையின் தென்பகுதியில் மரங்களைக் காடுகாடாகச் சாய்த்தது. பல நூறு கி.மீ. தூரம் மூடிக்கிடந்து, பிறகு படிப்படியாகத் திறந்தது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றிவிடலாம். வேர் அசைந்தும் விழாமல் நிற்பவை பார்வைக்குச் சாதாரணமாகவே தெரியும்.

அதனால் பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பே நின்றுவிடுவது நல்லது. அண்ணாந்து கிளைகளைப் பார்க்க வேண்டும். அடிமரத்தைத் தட்டி, இரண்டு கையாலும் தள்ளிப் பார்க்க வேண்டும். பட்டை உரிந்து கிடந்தால், காளான் முளைத்திருந்தால், பக்கத்து மரங்கள் தளிர்த்திருக்க இது மட்டும் மொட்டையாக நின்றால் வேறு மரம் தேட வேண்டும். முதலில் தார்ப்பாயை விரித்துவிட்டு அதன் நிழலில் தூளியைக் கட்டினால் மழையில் துணி நனையாது. நாடா வழியே வழிந்து வரும் தண்ணீர் படுக்கைக்குள் இறங்காமல் இருக்க, நாடாவில் ஒரு துண்டுக் கயிறு தொங்கவிட்டால் போதும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சாப்பாட்டுப் பையைத் தூளியில் வைத்துக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. கருங்கரடிகள் உள்ள காடு அது.

தேதி போட்டே தீர வேண்டிய இரவு ஒன்றே ஒன்று. அது கடைசி இரவு. கடாடின் சிகரம் உள்ள பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில் நெடுந்தூரம் நடந்து வருபவர்களுக்கென்று ‘பர்ச்சஸ்’ என்ற முகாமில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஓர் இரவுக்கு 12 பேர். அக்டோபர் 15-க்குப் பிறகு பூங்காவில் இரவு தங்க அனுமதி இல்லை.